வீட்டு வைஃபை மெதுவா இருக்கா? பேக்கேஜை மாற்றும் முன் ஒரு கேபிள் சோதனை

300 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மாதா மாதம் பணம் கட்டுகிறீர்கள். ஆனால் பின் அறையில் உட்கார்ந்து வீடியோ அழைப்பில் பேசினால் படம் உறைந்து நிற்கிறது. தவறு எங்கே? லைனிலா, ரவுட்டரிலா, உங்கள் வீட்டிலேயா?

இந்தக் கேள்வி எனக்கு வந்த இடம் ஜொகூர், பண்டார் தெங்காரா. அங்கே என் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி: "நீ டிவி நியூஸ்ல வேலை செய்யுற ஆளுதானே, இந்த வைஃபைய கொஞ்சம் பாரேன்?"

அத்தை மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அடுத்த வாரம் அவளுக்கு இணையம் வழி நேர்முகத் தேர்வு. அவளுடைய அறை சமையலறைக்குப் பின்னால். அங்கே வைஃபை கிடைப்பதே பெரிய விஷயம். பாடவேலையை அனுப்ப வேண்டும் என்றால் வாசல் படியில் வந்து உட்காருவாள். அதுவும் சரிவராவிட்டால் மாமாக் கடை.

மாமா ஒரு முடிவோடுதான் இருந்தார். "300 பத்தல. 500க்கு மாத்திடலாம்." புது ஒப்பந்தத்தைக்கூட எடுத்து வைத்துவிட்டார். 24 மாத ஒப்பந்தம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை செய்தோம். அது என்ன, ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பண்டார் தெங்காராவில் இணையம்

பண்டார் தெங்காரா கூலாய் மாவட்டத்தில் உள்ள சிறிய நகரம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், ஃபெல்டா குடியேற்றங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கெஜோரா எனும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய நகரங்களில் இதுவும் ஒன்று.

இதுபோன்ற ஊர்களில் இணையம் பல காலகட்டங்களைக் கடந்து வந்திருக்கிறது. முதலில் தொலைபேசியின் செம்புக் கம்பி வழி வந்த ஸ்ட்ரீமிக்ஸ். அதில் தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் குறையும். 2010 மார்ச்சில் டெலிகோம் மலேசியா ஃபைபர் சேவையான யூனிஃபையைத் தொடங்கியது.

2018இல் பெரிய மாற்றம். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி மொத்த விலைக்கு வரம்பு விதித்தது. வீட்டு பிராட்பேண்ட் விலை இறங்கியது. பழைய யூனிஃபை வாடிக்கையாளர்கள் பலருக்குக் கட்டணம் கூடாமலேயே வேகம் உயர்ந்தது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, பள்ளி, வேலை எல்லாமே வீட்டு இணையத்துக்கு மாறின. சபா, பித்தாஸில் ஒரு பல்கலைக்கழக மாணவி அலைவரிசை தேடி மரத்தில் ஏறித் தேர்வு எழுதியது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஜெண்டேலா என்ற தேசிய இணைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

ஆக, பல ஊர்களில் லைன் மேம்பட்டுவிட்டது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டரும் கேபிளும்? பல வீடுகளில் அவை லைனோடு சேர்ந்து மாறவில்லை. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

வேகம் மூன்று இடங்களில் குறையலாம்

உங்கள் திறன்பேசிக்கு இணையம் மூன்று கட்டங்களைத் தாண்டி வருகிறது.

- முதல் கட்டம்: வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் ஃபைபர், அதன் முனையில் சுவரில் மாட்டியிருக்கும் மோடம்.
- இரண்டாம் கட்டம்: மோடத்திலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிள், பிறகு ரவுட்டர்.
- மூன்றாம் கட்டம்: ரவுட்டரிலிருந்து உங்கள் கருவி வரை காற்றில் போகும் வைஃபை.

மூன்றில் எது மெதுவோ, அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் வேகம். பேக்கேஜை மாற்றினால் முதல் கட்டம் மட்டுமே மாறும். கோளாறு இரண்டாவதிலோ மூன்றாவதிலோ இருந்தால் 500 என்ன, 1,000 வாங்கினாலும் பின் அறையில் அதே கதைதான்.

உண்மையில் எவ்வளவு வேகம் வேண்டும்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பேக்கேஜில் போட்டிருப்பது மெகாபிட். கோப்பை இறக்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். அதனால் 300 எம்பிபிஎஸ் லைனில் ஒரு கோப்பு விநாடிக்கு ஏறக்குறைய 37 மெகாபைட் வேகத்தில் இறங்கினால் லைன் முழு வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். "300 கேட்டேன், 37தான் தர்றான்" என்று கோபப்பட வேண்டாம்.

அடுத்தது, தேவை. முழு எச்டி தரத்தில் ஒரு படம் பார்க்க ஏறக்குறைய 5 எம்பிபிஎஸ் போதும். 4கே தரத்துக்கு 15 முதல் 25 வரை. வீடியோ அழைப்புக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தெளிவாக இருக்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 100ஐத் தாண்டுவது அபூர்வம்.

அப்படியென்றால் 300 எம்பிபிஎஸ் உள்ள வீட்டில் ஓர் அழைப்பு உறைகிறது என்றால் பேக்கேஜ் பத்தவில்லை என்பது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

அந்த ஒரு சோதனை

மடிக்கணினியை ஒரு லேன் கேபிள் மூலம் நேராக ரவுட்டரில் சொருகுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். பிறகு ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். அவ்வளவுதான். மூன்றாம் கட்டமான வைஃபையை ஒதுக்கிவிட்டு முதல் இரண்டை மட்டும் அளக்கிறீர்கள்.

கவனிக்க வேண்டியவை:

- விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். மற்றவர்கள் யாரும் எதையும் இறக்காத நேரமாகப் பாருங்கள்.
- மெல்லிய மடிக்கணினிகளில் லேன் துளை இருக்காது. யுஎஸ்பி அடாப்டர் தேவைப்படும். அது கிகாபிட் வகையாக இருக்கட்டும். பழைய வகை அடாப்டரே வேகத்தைக் குறைத்துக் காட்டிவிடும்.
- ஒருமுறை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். காலையில் ஒன்று, இரவு 9 மணி வாக்கில் ஒன்று என இரண்டு மூன்று நாள் எடுங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வரும் எண்ணை எப்படிப் படிப்பது?

- பேக்கேஜ் வேகத்துக்கு நெருங்கி வந்தால்: லைனும் ரவுட்டரும் நலம். சிக்கல் வைஃபையில்.
- காலையில் நன்றாக இருந்து, இரவில் மட்டும் பாதியாகச் சரிந்தால்: வெளியே நெரிசல். சேவை நிறுவனத்திடம் பேச வேண்டிய விஷயம்.
- எந்த நேரம் எடுத்தாலும் 93, 94, 95 என்றே வந்தால்: கீழே படியுங்கள். இதுதான் அத்தை வீட்டில் வந்தது.

95இல் நிற்கிறதா? கேபிளைப் பாருங்கள்

அத்தை வீட்டில் மூன்று முறை எடுத்தோம். 94, 94, 95. பேக்கேஜோ 300.

ஏதோ ஒன்று 100இல் பூட்டுப் போட்டதுபோல் இருக்கிறது, இல்லையா? அப்படித்தான் நடக்கிறது. லேன் இணைப்பு படிப்படியான வேகங்களில்தான் ஓடும்: 10, 100, 1,000. ஆயிரத்துக்குக் கேபிளின் உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். 100க்கு நான்கே போதும். ஒரு கம்பி அறுந்தாலும், ஒரு முனை சரியாகச் சொருகாவிட்டாலும், இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், இணையமும் வரும். யாருக்கும் சந்தேகம் வராது. அந்த 100இல் தரவை அனுப்பும் செலவு போக, கையில் கிடைப்பது ஏறக்குறைய 95.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

- கேபிள் பழையது அல்லது பழுது. மேலுறையில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். வீட்டுக்கு 5இ தாராளம். 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைக் கொண்டுபோகும்.
- ரவுட்டர் பழையது. 2010களின் தொடக்கத்தில் வீடுகளுக்கு வந்த ரவுட்டர்கள் பலவற்றின் துளைகள் 100 எம்பிபிஎஸ் வகை. 5, 10, 20 எம்பிபிஎஸ் பேக்கேஜ் இருந்த காலத்தில் அது போதும். லைன் வேகம் ஏறிய பிறகும் அதே பெட்டி இருந்தால், 100தான் உச்சம்.
- சோதிக்கும் மடிக்கணினியின் துளையே 100 வகை. விண்டோஸில் ஈதர்நெட் அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வேகம் 100/100 என்று இருக்கிறதா, 1000/1000 என்று இருக்கிறதா எனப் பார்க்கலாம்.

அத்தை வீட்டில் குற்றவாளி மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருந்த மஞ்சள் கேபிள். டிவி மேசையின் காலடியில் மடங்கி, பல வருஷமாக நசுங்கிக் கிடந்தது. ஒரு முனையில் பிடிப்புக் கிளிப்பும் உடைந்திருந்தது. கடைக்குப் போய் 20 ரிங்கிட்டுக்குள் புதுக் கேபிள் வாங்கி மாற்றினோம். அடுத்த சோதனையில் 300ஐ ஒட்டி வந்துவிட்டது.

மாமா எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இத்தன வருஷமா நூறுக்குத்தான் ஓடிச்சா?"

கேபிளில் சரி, வைஃபையில் இல்லை. ஏன்?

ஆனால் அத்தை மகளின் அறையில் இன்னும் 20ஐத் தாண்டவில்லை. இப்போது மூன்றாம் கட்டத்துக்கு வருகிறோம்.

பெரும்பாலான ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு. சாதாரண வீட்டில் 50 முதல் 80 எம்பிபிஎஸ் கிடைத்தாலே நல்லது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. நல்ல ரவுட்டர் இருக்கும் அதே அறையில் 500க்கு மேல்கூடக் கிடைக்கும். ஆனால் ஒன்றிரண்டு செங்கல் சுவரைத் தாண்டினாலே களைத்துவிடும். புதிய வைஃபை 6இ, வைஃபை 7 கருவிகள் 6 கிகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துகின்றன. சுவர் விஷயத்தில் அது இன்னும் பலவீனம்.

2.4இல் இன்னொரு தொல்லை. ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. வரிசை வீடுகளில் இடப்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம் என எல்லா வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையை ஒட்டித்தான் இயங்குகிறது. சமையலறைக்குப் பக்கத்து அறையில் சாப்பாட்டு நேரம் மட்டும் வைஃபை தடுமாறினால் அதையும் சந்தேகிக்கலாம்.

வைஃபை ஒரு வாக்கி-டாக்கி மாதிரி. ஒரு சேனலில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பலவீனமான சிக்னலில் இருக்கும் ஒரு பழைய கருவி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருக்கும் புதிய கருவியும் அதற்காகக் காத்திருக்கும்.

ரவுட்டரை எங்கே வைப்பது?

நம் வீடுகளில் ரவுட்டர் எங்கே இருக்கும்? ஃபைபர் வாசல் பக்கமாக நுழைகிறது. அதனால் முன் ஹாலில், டிவிக்குப் பின்னால், சில வீடுகளில் அலமாரிக்கு உள்ளே. மேலே ஒரு துணியும் போட்டிருப்போம். படிக்கிற பிள்ளையின் அறையோ பின்கோடியில்.

அத்தை வீட்டில் ரவுட்டருக்கும் அவள் அறைக்கும் நடுவே மூன்று செங்கல் சுவர், ஒரு குளிர்பதனப் பெட்டி, ஒரு பீரோ. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் உறிஞ்சும். மீன் தொட்டிக்குப் பின்னால் ரவுட்டரை வைத்தால் அது மீனுக்குத்தான் வைஃபை.

செய்யக்கூடியவை, செலவு குறைந்ததிலிருந்து:

- ரவுட்டரை வெளியே எடுத்து, நெஞ்சு உயரத்தில், வீட்டின் நடுப்பகுதிக்கு நகர்த்துங்கள். ஃபைபர் மோடத்தை நகர்த்த வேண்டாம். இரண்டுக்கும் நடுவே உள்ள லேன் கேபிளை நீளமாக்கினால் போதும்.
- 2.4க்கும் 5க்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். படிப்பு, வேலைக்கான கருவிகள் 5இல். சிசிடிவி, ஸ்மார்ட் பிளக் போன்றவை 2.4இல். பல ஸ்மார்ட் கருவிகளுக்கு 2.4 மட்டுமே தெரியும்.
- 2.4இன் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்து, 1, 6, 11இல் கூட்டம் குறைந்த சேனலைத் தேர்ந்தெடுங்கள். 5இல் 80 மெகாஹெர்ட்ஸ் வைக்கலாம்.
- அசையாத கருவிகளை, அதாவது டிவி, மேசைக் கணினி, கேம் கன்சோல் ஆகியவற்றைக் கேபிளில் மாட்டிவிடுங்கள். காற்றில் கூட்டம் குறையும்.

இதற்குப் பிறகும் பின் அறைக்கு எட்டவில்லையா? "வைஃபை எக்ஸ்டெண்டர்" வாங்கத் தோன்றும். மலிவு வகை எக்ஸ்டெண்டர்கள் ஒரே வானொலியில் கேட்டு, அதே வானொலியில் திருப்பிச் சொல்லும். சிக்னல் கோடு கூடும், வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைவிட நல்ல வழி, பின் அறைவரை ஒரு லேன் கேபிளை இழுத்து, அங்கே இரண்டாவது வைஃபை பெட்டியை வைப்பது. பழைய ரவுட்டரையே "ஆக்சஸ் பாயின்ட்" முறைக்கு மாற்றிப் பயன்படுத்தலாம். மெஷ் பெட்டிகள் வாங்கினாலும் அவற்றைக் கேபிளால் இணைத்தால்தான் முழுப் பலன்.

வேகம் இருந்தும் அழைப்பு உறைகிறதா?

எல்லாரும் பார்ப்பது இறக்கும் வேகத்தை. ஆனால் வீடியோ அழைப்பில் உங்கள் முகமும் குரலும் வெளியே போக வேண்டும். பல வீட்டுப் பேக்கேஜ்களில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. அந்த நேரத்தில் யாருடைய திறன்பேசியாவது கல்யாண வீடியோக்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் உங்கள் குரல் வரிசையில் காத்திருக்கும். நேர்முகத் தேர்வு, தேர்வு நேரத்தில் வீட்டில் எல்லாரும் தானியங்கி பேக்கப்பை நிறுத்தி வைப்பது நல்லது.

ஃபைபர் வராத வீடுகளுக்கு

தோட்டத்துக்குள், ஃபெல்டாவின் உட்பகுதியில் இருப்பவர்களுக்கு சிம் போட்ட 4ஜி அல்லது 5ஜி ரவுட்டர்தான் வழியாக இருக்கலாம். 2021 இறுதிக்குள் நாட்டில் 3ஜி மூடப்பட்டது; 5ஜி அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கியது.

இங்கே விதி நேர் எதிர். ஃபைபர் ரவுட்டர் வீட்டின் நடுவில் இருக்க வேண்டும். சிம் ரவுட்டர் கோபுரத்தைப் பார்த்த ஜன்னலோரம் இருக்க வேண்டும், முடிந்தால் மாடியில்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம்: மைனஸ் 80 நல்லது, மைனஸ் 110க்குக் கீழே போனால் பலவீனம். எஸ்ஐஎன்ஆர் என்பது சிக்னலின் தெளிவு: 20க்கு மேல் அருமை, பூஜ்யத்துக்குக் கீழே மோசம். ரவுட்டரை ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி இந்த எண்களைக் குறித்து வையுங்கள். கோடுகளை எண்ணுவதைவிட இது நம்பகமானது. அடர்ந்த செம்பனை மரங்கள் நடுவில் நின்றால் சிக்னல் குறையும். உயரம் கூடினால் அது மாறும்.

எதுவும் எட்டாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் இணையமும் ஒரு வாய்ப்பு. ஸ்டார்லிங்க் 2023இல் மலேசியாவில் உரிமம் பெற்றது. வானம் மறைக்காமல் தெரியும் இடம் அதற்கு அவசியம்.

இடி, மழை வந்தால்?

மலேசியாவில் இடிமழைக்குப் பஞ்சமில்லை. ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதில் மின்சாரம் பாயாது. ஆனால் மோடமும் ரவுட்டரும் மின்சார வயரில்தானே ஓடுகின்றன? இடியில் ரவுட்டரின் ஒரு துளை மட்டும் செத்துப்போவதும் உண்டு. மழைக்குப் பிறகு வேகம் விழுந்திருந்தால் கேபிளை வேறு துளைக்கு மாற்றிச் சொருகிப் பாருங்கள். பெரிய இடிமழை என்றால் பிளக்கைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் அது வெளி லைன் கோளாறு. அந்த மெல்லிய ஃபைபர் இழையை நீங்களாக இழுக்கவோ மடக்கவோ வேண்டாம்.

முறையீடு செய்வது எப்படி?

கேபிளில் எடுத்த சோதனையிலும் வேகம் குறைவு, கேபிளும் ரவுட்டரும் சரி என்றால், தயங்காமல் முறையிடுங்கள். கம்பி வழி பிராட்பேண்டுக்கு எம்சிஎம்சி கட்டாயச் சேவைத் தரங்களை வைத்திருக்கிறது.

- முதலில் சேவை நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்குங்கள்.
- தேதி, நேரத்தோடு கேபிள் சோதனை ஸ்கிரீன்ஷாட்களை இணையுங்கள். வைஃபையில் எடுத்தது மட்டும் இருந்தால், "உங்க வைஃபை பிரச்சினை" என்று பதில் வர வாய்ப்பு அதிகம்.
- தீர்வு கிடைக்காவிட்டால், அந்தப் புகார் எண்ணோடு எம்சிஎம்சியின் முறையீட்டுத் தளத்துக்குப் போகலாம்.

அத்தை வீட்டில் என்ன ஆனது?

புதுக் கேபிள் ஒன்று. ரவுட்டர் டிவிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. கூரை ஓரமாகப் பின் அறைவரை நீளக் கேபிள் ஒன்று, அதன் முனையில் வீட்டிலேயே கிடந்த இன்னொரு ரவுட்டர். மதியச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கி, தேநீர் நேரத்தில் முடித்தோம்.

அவள் அறையில் வேகம் 200ஐத் தாண்டியது. நேர்முகத் தேர்வை வாசல் படியில் உட்காராமல், கதவைச் சாத்திக்கொண்டு தன் மேசையிலேயே கொடுத்தாள்.

500க்கான ஒப்பந்தத்தில் மாமா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.